சாற்றுக்கும் கணக்கு உண்டு

சங்கத்தின் பண்டகசாலையில் இருப்பைச் சரிபார்க்கச் செல்லும் ஆய்வாளன், பதிவேட்டில் எழுதியிருப்பதை நம்பித் திரும்பிவிடுவதில்லை. நூல் கட்டுகளைக் கீழே இறக்கச் செய்து, தராசிலிட்டு, எடையைத் தன் கையாலேயே குறித்துக்கொள்கிறான். பாவுக்கு இவ்வளவு, ஊடைக்கு இவ்வளவு என்று நெசவாளியிடம் கொடுத்த நூல், சேலையாகத் திரும்பும்போது எவ்வளவு எடை இருக்கிறது, சேதாரம் எவ்வளவு, கழிவு நூல் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கிறான். பதினொரு ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவரும் நான், என் வயிற்றுக்குள் நாள்தோறும் சென்ற ஒரு செம்பு காய்கறிச் சாற்றை மட்டும் எடை போடாமல், 'பூஜ்யம்' என்றே மூன்று மாதம் எழுதி வந்தேன். அப்பிழையை இவ்விதழின் வாசகர்கள்முன் ஒப்புக்கொள்கிறேன். அதே பிழை சங்கமொன்றின் வாயிலிலேயே பலகையெழுதித் தொங்கவிடப்பட்டிருப்பதால், அதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் தந்தையார் குழித்தறியில் நாற்பது ஆண்டு அமர்ந்தவர். அவருக்கு நீரிழிவு இருப்பதே, காலில் பட்ட புண் ஆறாமற்போன பின்புதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்த பிறகும் அவர் மிதிபலகையை மிதிக்க முயன்றதைக் கண்டவன் நான். ஆதலின், சென்ற ஆண்டு எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில், வெறும் வயிற்றில் என் இரத்தச் சர்க்கரை 112 என்று எழுதித் தந்தபோது, அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கக் கை வரவில்லை. வயது முப்பத்தாறு, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 79 கிலோ. உயரத்துக்கும் எடைக்குமுள்ள விகிதத்தைக் கணக்கிட்டால் குறியெண் 28 வருகிறது. நம் நாட்டவர்க்கு அது 23-ஐத் தாண்டினாலே எடை மிகுதி, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்கிறார்கள். "ஐந்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்" என்றார் மருத்துவர்.

தறியில் உட்காருகிறவனுக்காவது கையும் காலும் ஓயாது. ஆய்வாளனுக்கோ உட்காருவதே உத்தியோகம். வண்டியில் போய் இறங்குகிறோம், கணக்குப் புத்தகங்களின்முன் அமர்கிறோம், செயலாளர் தேநீரும் வடையும் வருவிக்கிறார், வேண்டாமென்றால் வருந்துகிறார். அந்த வடைகளையெல்லாம் இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்து, ஒரு சிறு நோட்டில் அன்றாட ஆகாரத்தைப் பற்று எழுதுவதுபோல் எழுதத் தொடங்கினேன். இட்டிலி மூன்று, சாம்பார் ஒரு கரண்டி, சோறு ஒன்றரைக் கிண்ணம் என்று எல்லாம் அதில் ஏறின. நண்பர் ஒருவர் சொன்னபடி, காலையில் காரட், பீட்ரூட், ஆப்பிள் அரைத்து வடிகட்டி, தேன் கலந்து குடித்தேன். காய்தானே என்ற எண்ணத்தில் அதன் நேரே ஒரு சுழியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

மூன்று மாதம் கழிந்து பார்த்தால் எடை 80½ கிலோ. முதலில் தராசின்மேல்தான் எனக்கு ஐயம் எழுந்தது. தொழில் புத்தி அப்படி. சங்கத்திலிருந்த முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல்லை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். தராசு யோக்கியமாகவே இருந்தது. என் மனைவிதான் கேட்டாள்: "காரட் இனிக்கிறது, பீட்ரூட் இனிக்கிறது, தேனைச் சொல்லவே வேண்டாம். அந்த இனிப்பெல்லாம் உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" பட்டதாரியான எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை, தோல் சீவி நறுக்கிய காய்களை ஒவ்வொன்றாக எடை போட்டோம். தோலும் காம்பும் போன பின்பு எடுத்த எடையே கணக்குக்கு உரியது. சந்தையில் வாங்கிய எடையைக் கொண்டால் தப்பாகும். காரட் 300 கிராம், பீட்ரூட் 150, விதை நீக்கிய ஆப்பிள் 150. ஆக 600 கிராம். மிக்சியில் 200 மில்லி லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்தோம். சக்கை 185 கிராம் நின்றது. ஏறக்குறைய மற்றவையெல்லாம் சாறு. அதில் தேன் 20 கிராம்.

இனி அதன் மதிப்பு. உணவுக் கணக்கில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி; ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம். சர்க்கரையோ மாவோ ஒரு கிராம் உடலுக்கு 4 கலோரி தரும், புரதமும் அவ்வளவே, கொழுப்பு 9. ஒவ்வோர் உணவிலும் இவை எவ்வளவு என்று அளந்து அட்டவணையாக்கும் வேலை நமக்கு அயலானதன்று. 1937-இல் குன்னூரில் இருந்த உணவாராய்ச்சிக் கூடத்திலிருந்து டாக்டர் அய்க்ராய்ட் என்பார் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய உணவூட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றது. 2017-இல் அந்நிறுவனம் 528 உணவுப் பொருள்களுக்குப் புதிய அட்டவணை வெளியிட்டிருக்கிறது. நம் நீலகிரி மலையில் தொடங்கிய பணியின் பயனை, அம்மலைக் காரட்டைத் தின்னும் நாமே எடுத்துப் பாராமலிருப்பது முறையன்று.

அட்டவணைக்கு அட்டவணை எண்கள் சிறிது மாறும். மண்ணும் விதையும் முற்றலும் அதற்குக் காரணம். எனினும் 100 கிராம் காரட்டுக்குச் சுமார் 40 கலோரி, பீட்ரூட்டுக்கு 43, ஆப்பிளுக்கு 52, தேனுக்கு 300 என்று வைத்துக்கொண்டால் பெரும்பிழை வராது. அவ்வாறாயின் காரட்டில் 120, பீட்ரூட்டில் 65, ஆப்பிளில் 78, மொத்தம் 263. தேன் 60. முழுத்தொகை 323.

"சக்கையைத்தான் எறிந்துவிட்டோமே, அதைக் கழிக்க வேண்டாமா?" என்று வாசகர் கேட்பார். வேண்டும், ஆனால் எவ்வளவு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நூற்கணக்கில் கழிவு நூலின் எடையை நேராகக் கழித்துவிடுகிறோம், கழிவும் நூலே. சக்கையோ காயன்று. காரட்டிலும் பீட்ரூட்டிலும் உள்ள இனிப்பு தண்ணீரில் கரைவது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். சக்கையில் தங்குவது பெரும்பாலும் நார். அந்த நாரின் ஈரத்தில் ஒட்டிய அளவு இனிப்பே அதனோடு நிற்கும். 600 கிராம் காயும் 200 கிராம் தண்ணீரும் சேர்ந்த 800 கிராமில் 263 கலோரி பரவியிருப்பதாகக் கொண்டால், 185 கிராம் சக்கைக்கு 61 கலோரி கழியும். இதுவும் தாராளமான கழிவே. சக்கை முழுவதையும் சாறாகவே பாவித்துக் கழித்திருக்கிறோம். எஞ்சிய 202-உடன் தேனின் 60-ஐச் சேர்த்தால் 262.

ஆக, நான் சுழி போட்ட இடத்தில் 262-க்குக் குறையாமலும் 323-க்கு மிகாமலும் ஒரு தொகை இருந்திருக்கிறது. ஓர் இட்டிலிக்கு 60 கலோரி என்றால் நான்கு இட்டிலிக்கு மேல். மூன்று இட்டிலியைக் கணக்கெழுதித் தின்றுவிட்டு, அதன் முன்னால் நான்கு இட்டிலியைக் கணக்கில்லாமல் குடித்திருக்கிறேன்! முப்பது நாளுக்கு 262 வீதம் 7,860. உடலிலுள்ள கொழுப்பு ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 7,700 கலோரி என்று சொல்வார்கள். தேகம் பேரேட்டைப்போல் நேராகக் கூட்டிக் கழிப்பதில்லை. ஆகவே மாதம் ஒரு கிலோ ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. வடைகளை விட்டதில் கிடைத்த மிச்சத்தைச் சாறு விழுங்கி, மேலும் சிறிது ஏற்றிவிட்டது என்பது மட்டும் என் நோட்டிலிருந்து தெளிவாகிறது.

இதே 300 கிராம் காரட்டைப் பொரியலாகச் செய்திருந்தால் நான் ஒரே வேளையில் தின்றிருக்க மாட்டேன் என்பதையும் எண்ண வேண்டும். அதில் எட்டுக் கிராம் அளவுக்கு நார் உண்டு, மென்று தின்ன நேரமாகும், வயிறு நிறையும். 1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு மாச்சத்துள்ள ஆப்பிளை முழுப்பழமாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப்பழத்தைத் தின்னும் நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்தில் சாறு உள்ளே போய்விட்டது. ஒரே வேகத்தில் உட்கொள்ளச் செய்தபோதும், சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாகவே இருந்தது. காரட்டைப் பற்றிய சோதனையன்று அது. எனினும் என் வயிறு கண்ட அனுபவத்துக்கு அது பொருந்துகிறது. சாறு குடித்த பின் இட்டிலி ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

தேனைப் பற்றியும் ஒரு சொல். தேன் எடையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும், நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே தலைப்பில் சேர்த்தே வரம்பு விதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் பழச்சாறு, காய்ச்சாறு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 150 மில்லி லிட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது அவர்களுடைய சுகாதாரத் துறை. நான் குடித்தது அதைப்போல் நான்கு பங்கு.

எல்லாச் சாறும் இப்படியல்ல. வெள்ளரி 100 கிராமுக்கு 15 கலோரி, தக்காளி 18, வெண்பூசணியும் சுரையும் அதனினும் குறைவு. மண்ணுக்குள் விளைவதெல்லாம் கனமானது என்றும் சொல்லிவிட முடியாது, முள்ளங்கி 17-தான். 400 கிராம் வெண்பூசணியைப் பிழிந்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்தால் ஐம்பது கலோரிகூடத் தேறாது. ஆகவே 'காய்ச்சாறு' என்று ஒரே தலைப்பில் எழுதுவது, பட்டையும் பருத்தியையும் 'நூல்' என்று ஒரே வரியில் எழுதுவதற்கு ஒப்பாகும். சுரைச்சாறு குடிப்பவர்கள் மட்டும் ஒன்றை மறக்கலாகாது. சில சுரைக்காய்கள் கசக்கும். கசப்புச் சுரையின் சாற்றைக் குடித்து இரத்த வாந்தியெடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இதற்கென ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2012-இல் வெளியாயிற்று. அரைக்குமுன் ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் காயை எறிந்துவிட வேண்டும். மற்றச் சாறுகளோடு கலந்து கசப்பை மறைக்கலாகாது. சிறுநீரக நோயாளிகள் எந்தச் சாற்றையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்குவது நன்றன்று.

இனி, பலகை விஷயம். என் சரகத்திலுள்ள விவசாயிகள் சங்கமொன்று தன் விற்பனை நிலையத்தின் வாயிலில் சாறு பிழிந்து விற்கிறது. பக்கத்திலேயே நெசவாளர் குடியிருப்பு. 'உடல் எடை குறைக்கும் இயற்கைச் சாறு – கலோரி இல்லை' என்று பச்சை மையில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். முன்பெல்லாம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தவன், என் நோட்டைத் திருத்திய பிறகு வந்த ஆய்வின்போது செயலாளரிடம் கேட்டேன்.

"சார், கிளைத்த காரட், கோணல் காரட், கையளவு பீட்ரூட் எல்லாவற்றையும் வியாபாரி ஒதுக்கிவிடுகிறான். உறுப்பினர்கள் முன்பு அவற்றை மாட்டுக்குப் போட்டார்கள். இந்தச் சாற்றுக்கடை வந்த பிறகுதான் அதற்கும் ஒரு விலை கிடைக்கிறது. பலகையை எடுத்துவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஒதுக்கிய காய்க்கும் உழைப்பு ஒன்றே. அதற்கு விலை தேடித் தருவது சங்கத்தின் கடமை. கடையை மூடச் சொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. உடனிருந்த உறுப்பினர் ஒருவர் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: "காயில் இவ்வளவு கலோரி என்று நாமே எழுதி வைத்தால், காயே கெடுதி என்று ஜனங்கள் நினைத்துவிட மாட்டார்களா?" இதற்கு நான் அன்று சரியாக விடை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கலோரி என்பது நஞ்சன்று, ஆற்றல். காலையில் வெறும் தேநீரோடு தறியில் இறங்கும் நெசவாளிக்கு அது தேவையான சரக்கு. அவருக்கு அந்தச் சாற்றை 'இதில் இவ்வளவு ஆகாரம் இருக்கிறது' என்று சொல்லியே விற்கலாம். எடையைக் குறைக்க வேண்டியவருக்கும் சர்க்கரை நோயுள்ளவருக்கும் அதே எண் எச்சரிக்கையாகும். ஒரே எண் இருவருக்கும் பயன்படும். பூஜ்யம் என்ற பொய் எண்ணால் இருவரும் ஏமாறுகிறார்கள்.

கலோரி எண்ணுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வாரும் உளர். அவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். அன்று நான் கடையருகே நின்றபோது, அறுபதைக் கடந்த நெசவாளர் ஒருவர் தேன் சேர்த்து இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். என் தந்தையாரோடு பழகியவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். தேநீரில் சர்க்கரையை விட்டு ஆறு ஆண்டாயிற்றென்று பெருமையாகச் சொல்வார். "பெரியப்பா, இதில் சர்க்கரை இருக்கிறதே" என்றேன். அவர் பலகையைக் காட்டினார். "இல்லையென்று சங்கமே எழுதியிருக்கிறதே, தம்பி!" என்றார்.

தனியார் கடையில் எழுதியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். சங்கத்தின் எடையும் அளவும் சரியாயிருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர் அவர். தராசில் பத்துக் கிராம் குறைந்தால் செயலாளரிடம் விளக்கம் கேட்கும் நாம், பலகையிலுள்ள எண் தவறாக இருந்தால் கேட்காமலிருப்பது என்ன நியாயம்? அதுவும் அளவையே.

நான் செயலாளரிடம் சொன்ன யோசனை சிறியது. ஒரு டம்ளருக்கு எந்தக் காய் எத்தனை கிராம் போகிறதென்று ஒருமுறை எடை போட்டு எழுதிவிடலாம். 'காரட் 200 கிராம், பீட்ரூட் 100, ஆப்பிள் 50. சுமார் 150 கலோரி. தேன் சேர்த்தால் 60 கூடும். சர்க்கரை நோயுள்ளவர்கள் கேட்டு வாங்குக.' சக்கைக் கழிவைப் பற்றி வாதம் வந்தால், கழிக்காத முழு எண்ணையே எழுதலாம். வரவு ஐயமாக இருந்தால் குறைத்தும், செலவு ஐயமாக இருந்தால் கூட்டியும் எழுதுவதுதானே கணக்கு மரபு? பக்கத்தில் வெண்பூசணிச் சாறு, வெள்ளரிச் சாறு என்று 50 கலோரிக்குட்பட்ட இன்னொரு வரிசையும் வைத்தால், எடை குறைக்க வருபவர் அதை எடுத்துக்கொள்வார்; பூசணி பயிரிட்ட உறுப்பினருக்கும் விற்பனை உண்டு. கோணல் காரட்டை அரைக் கிலோ பொட்டலமாக நறுக்கிப் பொரியலுக்கு விற்றால், வேலைக்குப் போகும் பெண்கள் வாங்குவார்கள் என்பது என் மனைவியின் யோசனை.

வீட்டில் இப்போது சாறு ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான், தேன் கிடையாது, 200 மில்லி லிட்டருக்கு மேல் இல்லை. மற்ற நாள்களில் காரட் பொரியலாகவும் பீட்ரூட் கூட்டாகவும் இலைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சக்கையை மனைவி அடை மாவில் சேர்த்துவிடுகிறாள். ஆகவே அந்த நாள் மட்டும் சக்கைக் கழிவை நான் எடுத்துக்கொள்வதில்லை. சாற்றில் கழித்தது அடையில் திரும்ப வரவாகிவிடுகிறதே! ஐந்து மாதத்தில் எடை 76 கிலோவுக்கு வந்திருக்கிறது. சென்ற மாதம் எடுத்த சர்க்கரை 101. மருத்துவர் இன்னும் இரண்டு கிலோ கேட்கிறார்.

ஆய்வுக் குறிப்பில் பலகையைப் பற்றி நான்கு வரி எழுதி ஒப்பமிட்டேன். சாறு விற்பனையைப் பற்றி ஆய்வாளர் குறிப்பெழுதுவது வழக்கமில்லை என்று செயலாளர் சற்று வருத்தப்பட்டார். பொருள் அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு இப்போதைக்கு உப்புப் போட்ட வெள்ளரிச் சாறு கொடுக்கும்படி கடைப்பையனிடம் சொல்லி வந்திருக்கிறேன். பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.